நாற்பதாவது ஜந்து

கணினி விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்கு மீன்காரர் என்று பெயர். மீன் விற்பவரல்ல, வேறொரு கிரகத்துக் கடலில் வாழப்போகிற ஜந்துக்களை வரைபவர். பனிப்பாறைக்கு அடியில், வெளிச்சமே எட்டாத கடல். அங்கே எது எதைத் தின்னும், எது எங்கே முட்டையிடும் என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் மூன்று வருஷத்தில் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. இத்தனைக்கும் வேலை நிரந்தரமில்லை. நாற்பதாவது ஜந்து தேறினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

முந்தைய முப்பத்தொன்பதையும் பிரிவுத் தலைவர் ஒரு வழி பண்ணியிருந்தார். இருட்டுக்கடலில் எதற்கென்று கண்ணில்லாமல் வரைந்த விலாங்குக்கு நீள இமைகளோடு இரண்டு கண் வந்தது. சேறு தின்னும் நத்தைக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றையொன்று தின்றால் குழந்தைகள் அழும் என்று ஒருநாள் கடல் முழுவதையும் சைவமாக்கினார். மறுவாரம் பாசிக்கும் முகம் வைக்கச் சொன்னார். அதோடு அந்தக் கடலில் தின்ன எதுவுமே மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் மீன்காரர் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளுவார். அவள் பல் டாக்டர். நாள் முழுக்க வாய்களைப் பார்த்துக் களைத்து வந்தவள், அங்கேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விடுவாள்.

நாற்பதாவதை வரைய உட்கார்ந்தபோது மீன்காரருக்குப் பொறுமை போய்விட்டது. பிரிவுத் தலைவரையே வரைந்தார். பெரிய ஜந்து ஒன்றின் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டு திரிகிற சின்ன ஜந்து. முதுகெலும்பு கிடையாது. மேலே இருப்பது என்ன நிறமோ அதுவும் அதே நிறம். மேலேயிருந்து சிந்துவதைத் தின்று, ஒவ்வொரு அலைக்கும் குனிந்து நிமிரும். வரைந்து முடித்தபோது மனசு குளிர்ந்தது. கூட்ட அறையில் முதலாளியும் அவருடைய மச்சானும்கூட உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆளை அடையாளம் கண்டுகொண்டால் நிரந்தரமும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு.

பிரிவுத் தலைவர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மீன்காரரின் காதருகே குனிந்தார்.

"முதலாளியோட மச்சான்தானே? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் படத்தையும் பிரிவுத் தலைவரையும் மாறி மாறிப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டார். முதலாளிக்கு யார் நினைவுக்கு வந்தார்களோ, விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு திருத்தமும் இல்லாமல் ஒரு ஜந்து தேறியது. மாலைக்குள் நிரந்தர உத்தரவும் கைக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உத்தரவை மனைவி கையில் கொடுத்து, படத்தையும் காட்டினார். அவள் உத்தரவைப் படித்துச் சந்தோஷப்பட்டாள். படத்தை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களையேவா வரைஞ்சீங்க?"

பிரிவுத் தலைவர் என்று அவர் அவசரமாகத் திருத்தினார்.

"அவரை நான் பார்த்ததில்ல. இந்தக் கீழுதட்டைப் பதினோரு வருஷமா பார்க்கிறேன். அச்சு அசலா நீங்கதான்."

மீன்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். ஜந்துக்களுக்கு முகபாவம் வரையும்போது, அந்தத் தொழிலில் எல்லோரையும் போல அவரும் மேஜையில் கண்ணாடி வைத்துத் தன் முகத்தில் அதைச் செய்து பார்ப்பார். குனிந்து நிமிரும் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க அன்றும் கண்ணாடியைத்தான் பார்த்திருந்தார். வேறு யாருடைய முகத்தையும் தேட வேண்டியிருக்கவில்லை. சுலபமாக வந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகாத வாயில் அது வரவில்லை.