யாருக்கு ஆறு கொடுப்பது

என் அக்காவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடை வரும். சமன்பாடுதான் வராது. கேள்வியைப் படிப்பாள், கண்ணை மூடுவாள், அந்த எண் இந்த எண் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்துச் சரியான விடையைச் சொல்லிவிடுவாள். எழுதிக் காட்டு என்றால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். நர்சிங் பயிற்சிக்கான நுழைவுத் தேர்விலோ சமன்பாட்டுக்குத்தான் மதிப்பெண். வெறும் விடைக்கு ஒன்றும் கிடையாது.

அவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். விரிப்பு மாற்றியதும் ஸ்ட்ரெச்சர் தள்ளியதும் போதும், நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இப்போது முப்பத்தைந்து. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

நான் கணக்கு டீச்சர். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். பொறுமையா, அது கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜாதி நான். அக்கா கடைசி பெஞ்சில் உட்காருவாள். பக்கத்தில் டிரைவர் அண்ணன். விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்க வந்த பஸ் ஓட்டுநர்.

அன்று எங்கள் வயதையே கரும்பலகையில் போட்டேன். அக்காவின் வயது தங்கையின் வயதைவிட ஆறு அதிகம். இருவர் வயதையும் கூட்டினால் அறுபத்து நான்கு. தங்கையின் வயது என்ன? அக்காவுக்கு 'அ', தங்கைக்கு 'த' என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இருபத்தொம்பது. உன் வயசு எனக்குத் தெரியாதா? இதுக்கு எதுக்குடி சமன்பாடு?" என்றாள் அக்கா.

"வகுப்புல நான் டீச்சர். எழுது."

எழுதினாள். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். அ + 6 = த. டிரைவர் அண்ணனும் அதையேதான் எழுதியிருந்தார். ஒரு வாரமாக இதே தப்பு. அரைத்த மாவையே அரைத்து எனக்குக் கை வலித்துவிட்டது.

"ஏன் அண்ணா, ஆறை அங்க போட்டீங்க?"

"அக்காவுக்குத்தான் அதிகம்னு நீங்க சொன்னீங்க டீச்சர். அதான் அக்காகிட்ட போட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாக்பீஸை அவர்கள் மேசையில் போட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"நடுவுல ரெண்டு கோடு போட்டிருக்கியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"சமம்."

"இப்ப நம்ம ரெண்டு பேர் வயசும் சமமா?"

"இல்ல. உனக்குக் கம்மி."

"யாருக்கு ஆறு குடுத்தா சமமாகும்?"

"உனக்குத்தான்."

"அப்போ எனக்குக் குடேன். இருக்கிறவங்களுக்கே மேல மேல குடுத்தா என்னிக்குச் சமமாகும்?"

வகுப்பு சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறை அடித்துவிட்டு, அ = த + 6 என்று எழுதினாள்.

"சின்ன வயசுலேர்ந்து உனக்குக் குடுத்தே பழகின கை. இங்க மட்டும் எப்படி மறந்துச்சோ," என்றாள்.

நான் படிக்க வேண்டும் என்று பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் அவள். அவள் நோட்டைத் தட்டி, "ம், மேல போ," என்றேன். அ இருந்த இடத்தில் த + 6 போட்டாள். இரண்டு த, கூட ஆறு, மொத்தம் அறுபத்து நான்கு. ஆறைக் கழித்து, பாதியாக்கி, 29 என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்றிலிருந்து எந்தக் கேள்விக்கும் முதலில் ஒன்றைத்தான் கேட்பாள்: யாருக்குக் குறைச்சல்?

தேர்வு நாளில் நான் தேர்வுக்கூட வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாவகாசமாக வந்தாள். கேள்வித்தாளைப் பிடுங்கினேன். ஒரு மருத்துவமனையில் நர்ஸ்களைப் போல் ஆறு மடங்கு நோயாளிகள். மொத்தம் தொண்ணூற்றொரு பேர். நர்ஸ்கள் எத்தனை?

"எப்படிப் போட்ட?"

"நோயாளி சமம் ஆறு நர்ஸ்."

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, ஆறு மடங்கு நோயாளிதானே? ஆறை நோயாளிகிட்ட போடாம விட்டுட்டியே. போச்சு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கிறவங்களுக்கே குடுக்கறீங்களே டீச்சர். நீங்க சொல்றபடி போட்டா எழுபத்தெட்டு நர்ஸ், பதிமூணு நோயாளி. அப்படி ஒரு ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே வேலைக்குச் சேர்ந்துடறேன்."

கேள்வித்தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அக்கா தேறிவிட்டாள். கணக்கில் முழு மதிப்பெண். சேதி தெரிந்த அன்று மாலை சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் டிரைவர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"எங்க, யாருக்குக் குறைச்சல்?"

முதலில் கையைத் தூக்கியவள் நான்தான்.