இரண்டு அடுப்பு, நான்கு நாய்

ஒரு வீட்டுக்கு இரண்டு நாய்க்கு மேல் வைக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டுத் தமுக்கடித்தபோது ஜக்கம்மாள் கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பொண்டாட்டிக்குக் கணக்கு வச்சாக. நெலத்துக்குக் கணக்கு வச்சாக. இப்ப நாய்க்குமா?"

அறுபத்திரண்டாம் வருசம் அது. எரியோட்டுச் சந்தையில் வெறிநாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்து, அதில் ஒருவன் செத்தும் போனான். அதனால்தான் இந்தச் சட்டம். வீட்டுக்கு இரண்டு பித்தளை வில்லை கொடுப்பார்கள், நாய்க் கழுத்தில் கட்ட வேண்டும், வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். வில்லை இல்லாத நாயை வண்டிக்காரன் பிடித்துக்கொண்டு போவான். அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஜக்கம்மாளிடம் இருந்தவை நான்கு. செவலை, கருவாயன், மணி, பூச்சி. தாய் நாய் திருச்சி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தபோது கண் திறக்காத குட்டிகளாகக் கிடந்தவை. ஆட்டுப்பாலில் துணியை நனைத்துச் சப்பவிட்டு நான்கையும் பிழைக்க வைத்தவள் அவள்தான். கல்யாணமாகிப் பதினேழு வருசத்தில் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொல்லி அழுததும் இல்லை. அழ நேரம் எங்கே இருந்தது? வாக்கப்பட்டு வந்த அன்றே, தாயில்லாத ஏழு வயசுக் கொழுந்தன் மலைச்சாமியை இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். அவனுக்குச் சோறூட்டி, பேன் பார்த்து, ஆளாக்கி, போன வைகாசியில் கன்னிவாடியிலிருந்து சின்னக்கண்ணுவைப் பெண்ணெடுத்துக் கட்டியும் வைத்தாயிற்று.

"நாலுல எந்த ரெண்ட வச்சுக்கிற?" என்று கேட்டான் புருசன் கண்ணுசாமி.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் பில் கலெக்டர் ராமரிடமே கேட்டாள், வீடு என்றால் எதை வைத்து வீடு என்கிறீர்கள் என்று.

"கூரைய வச்சு இல்லக்கா. அடுப்ப வச்சு. ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு வீடு. ரெண்டு எரிஞ்சா ரெண்டு வீடு."

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. இம்புட்டுத்தானா! பின்னால் மாட்டுக் கொட்டத்தை ஒட்டி மூன்று கல்லை வைத்தால் ஓர் அடுப்பு. மலைச்சாமி தனிக்குடித்தனம் என்று ஒரு நாளைக்குச் சொன்னால் போதும். வில்லை வந்ததும் கல்லைத் தூக்கி எறிந்துவிடலாம்.

"வெளயாட்டுக்குக்கூட வேணாம் புள்ள" என்றான் கண்ணுசாமி.

மலைச்சாமி தலையைச் சொறிந்தான். சின்னக்கண்ணுதான் முந்திக்கொண்டாள்: "அட, செஞ்சிருவோம்க்கா. வாயில்லாச் சீவன்க, பாவம்." ஜக்கம்மாளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. தங்கமான பெண்ணைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். சிலருக்குப் புத்தி கெட்டியாக இருக்கும், கண் மட்டும் அவிந்து போயிருக்கும். ஜக்கம்மாள் அந்த ரகம்.

வெள்ளிக்கிழமை காலையில் ராமர் இரண்டு மெம்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொட்டத்தடியில் மூன்று கல்லும் புதுச் சட்டியும் தயாராக இருந்தன. ராமரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே, லேசில் நம்புவாரா?

"பிரிஞ்ச குடின்னா மூத்தவ கையால கங்கெடுத்துக் குடுக்கணுமேக்கா. குடுத்தாச்சா?"

அண்ணன் தம்பி பிரியும்போது மூத்த மருமகள் தன் அடுப்பிலிருந்து நெருப்பும் ஒரு படி அரிசியும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அது நடந்துவிட்டால் பாகப்பத்திரம்கூட அப்புறம்தான். ஜக்கம்மாள் ஒரு நிமிசம் நின்றாள். காலடியில் பூச்சி படுத்து வாலால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனாள். ஓட்டுச் சில்லில் கங்கை அள்ளி வந்து புது அடுப்பில் போட்டாள். படி அரிசியையும் சின்னக்கண்ணு மடியில் கொட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராமர் இரண்டு குடும்பம் என்று எழுதி, அண்ணன் தம்பி இருவரிடமும் கைநாட்டு வாங்கிக்கொண்டு, நான்கு வில்லைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து, "ஏலே மலைச்சாமி, சாப்பிட வாங்கப்பா" என்று கூப்பிட்டாள்.

"ஒல வச்சாச்சுக்கா. வெந்த சோத்தக் கொட்டவா முடியும்?" என்று கொட்டத்திலிருந்து சின்னக்கண்ணுவின் குரல் வந்தது.

சரிதான் என்று விட்டாள். மறுநாளும் அங்கே புகைந்தது. மூன்றாம் நாள் செம்புத் தண்ணீரோடு அடுப்பை அவிக்கப் போனவளைச் சின்னக்கண்ணு மறித்தாள்.

"மூத்தவ கையால குடுத்த தீயி. அதத் தண்ணி ஊத்தி அவிச்சா எங்க குடி வெளங்குமாக்கா?"

ஜக்கம்மாள் மலைச்சாமியைப் பார்த்தாள். அவன் தலையில் துண்டைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

அடுத்த மாசமே கன்னிவாடியிலிருந்து சின்னக்கண்ணுவின் அப்பா நாலு பெரிய மனுசர்களோடு வந்து இறங்கினார். பஞ்சாயத்துக் காகிதம் இருக்கிறது, கங்கு கொடுத்ததைப் பார்த்த சனம் இருக்கிறது, இனிமேல் என்ன பேச்சு? மூன்று ஏக்கரில் பாதி, கிணற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். ஜக்கம்மாள் அழுதாள், நாய்க்காகச் செய்தது என்று சத்தியம் செய்தாள். "நாய்க்காக யாராச்சும் குடியப் பிரிப்பாகளா?" என்று பெரிய மனுசர்கள் சிரித்தார்கள்.

"பிரிச்சது நீதான புள்ள" என்றான் கண்ணுசாமி. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது, யாரை நோக?

நடுவில் முள்வேலி வந்தது. மணியும் பூச்சியும் மலைச்சாமி பேரில் எழுதியவை என்பதால் அந்தப் பக்கம். நாய்க்கு வேலி தெரியுமா? பொழுது சாய்ந்தால் முள்ளில் நுழைந்து அவள் கஞ்சிக்கு வந்து நிற்கும். "எங்க நாய்க்குச் சோறு போட நீங்க யாரு? நாங்க வக்கத்தா போயிட்டோம்?" என்று சின்னக்கண்ணு கத்துவாள். ஆனால் அந்த வீட்டில் அவற்றுக்கு ஒரு கை சோறு விழுந்து யாரும் பார்த்ததில்லை.

மறுவருசம் ஜக்கம்மாள் தன் இரண்டு வில்லைகளைப் புதுப்பித்தாள். மலைச்சாமி புதுப்பிக்கவில்லை. தையில் ராமர் நாய் வண்டியோடு வந்தார். மணியும் பூச்சியும் அவள் முந்தானைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன.

"இது ரெண்டும் யாரு வீட்டு நாயி?" என்று ராமர் வேலிக்கு அப்பால் பார்த்துக் கேட்டார்.

வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த மலைச்சாமி நிமிரவில்லை. "எங்களுது இல்ல. அந்த வீட்டம்மாதான் சோறு போடுறாக. அவுகளக் கேளுங்க."

ஜக்கம்மாள் வேலிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். இடுப்பில் சுமந்தவன். மதினி ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தவன். அவன் வாயில் அவள் இப்போது அந்த வீட்டம்மா.

"என் நாய்தான்யா. நாலும் என்னுதுதான்" என்றாள்.

"உங்க அடுப்புக்கு ரெண்டு முடிஞ்சு போச்சேக்கா."

"அங்கன எரியிறதும் நான் குடுத்த தீதான்!"

ராமர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டிக்காரன் சுருக்குக் கம்பியோடு நெருங்க, இரண்டும் மிரண்டு வேலிக்குள் நுழைந்து மலைச்சாமியின் கத்தரிச் செடிகளுக்குள் ஓடின. வண்டிக்காரன் தடியை எடுத்தான். "நீங்களே கூப்பிட்டுக் குடுத்தீங்கன்னா அடிபடாமப் போகும்மா" என்றான்.

அவள் வேலியோரம் போய் நின்று கூப்பிட்டாள். மணி வந்தது. பின்னாலேயே பூச்சியும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கூப்பிட்ட குரலுக்கு வருகிற உயிர் என்று அவை இரண்டுதான் மிச்சமிருந்தன.