மூன்றாம் தரக் கட்டடம்

ஒரு மனிதனின் மானமும் அவன் கட்டிய கட்டடமும் வேறு வேறல்ல. அதன் உண்மை மதிப்பைக் காப்பதே நீதியின் முதற்கடமை. வக்கீல் பஹ்ஜத் மேல்முறையீட்டு மனுவை இப்படித்தான் தொடங்கியிருந்தார். அடுத்த வரியிலேயே, தம் கட்சிக்காரரின் கட்டடத்தில் எலித் தொல்லை, லிஃப்ட் ஓடாது, ஆகவே வரிக்காகப் போட்ட மதிப்பு அநியாயம் என்று எழுதிவிட்டார்.

கட்சிக்காரர் ஹாஜி தஸூக்கிக்கு முதல் வரி பிடித்திருந்தது. இரண்டாவது வரி தூங்கவிடவில்லை. எகிப்தின் தந்தா நகரத்துத் துணிக்கடைத் தெருவில் ஐந்து மாடி எழுப்பி, அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்துவலி வாங்கிக்கொண்டவர் அவர். வேறு வழியில்லை. மதிப்பு இறங்காவிட்டால் வரி கட்டக் கட்டடத்தின் மூலைக்கடையை விற்க வேண்டியதுதான். அதை வாங்க எதிர்க்கட்டடத்து ஷலபி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தார்.

இன்று மேல்முறையீட்டுக் குழு கட்டடத்தை நேரில் பார்க்க வருகிறது. வக்கீல் காலையிலேயே வந்து பாதி விளக்குகளைக் கழற்றினார், லிஃப்டை நிறுத்தினார், கட்டடம் காலியாகத் தெரியட்டும் என்று, அங்கே வாடகைக்கு இருந்த பல் டாக்டரின் நோயாளிகளை வீங்கிய கன்னங்களோடு மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்.

"கொஞ்சம் உட்காருங்க ஹாஜி. நீங்க உருட்டுற உருட்டுல தஸ்பீஹ் மாலை அறுந்துரப் போவுது."

"எங்கய்யா உட்கார? அங்க பாரு. ஷலபி டீக்கடையில நாற்காலியை இந்தப் பக்கமா திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கான்."

"உட்கார்ந்துட்டுப் போறார். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

குழுத் தலைவி மேடம் இன்ஷிராஹ், ஓர் இன்ஜினீயரோடு வந்து சேர்ந்தார். இன்ஜினீயர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"வாசல் இருட்டு. படி தேய்ஞ்சிருக்கு. மூணாம் தரம்னு போட்டுரலாம் மேடம்."

"அதுவே தாராளம் சார்," என்றார் வக்கீல். "பூனைகூட இங்க ஒதுங்காது."

ஹாஜி மீசையைக் கடித்தார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். இன்ஜினீயரின் பென்சில் தாளைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு கோடு, ஜெயித்தாயிற்று.

அப்போதுதான் ஷலபி ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்! யாரு சொன்னது மூணாம் தரம்னு? அல்லா மேல ஆணை மேடம், இந்தத் தெருவுல கட்டடம்னா இது ஒண்ணுதான். இதுக்கு முன்னால என்னோடது கோழிக்கூண்டு!"

வக்கீலுக்கு உடனே விளங்கிவிட்டது. "மேடம், இவரு மூலைக்கடைக்கு அடிபோடுறாரு, இவர் பேச்சை..."

ஹாஜியின் காதில் அது ஏறவில்லை. கட்டடம் எழும்பிய நாளில் இதே ஷலபி அதைத் தீப்பெட்டி அடுக்கு என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அந்த வாயிலிருந்தா இது?

"நிஜமாவா சொல்றே ஷலபி?"

"பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போவுது? அரண்மனைய்யா இது! அந்த லிஃப்ட் ஒண்ணு போதுமே."

"ஹாஜி!" வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுய்யா கையை! பூனை ஒதுங்காதாமே! பேச்சைப் பாரு!" ஹாஜி காவலாளியைப் பார்த்துக் கத்தினார். "அப்துல் பாரி, மெயின் சுவிட்சைப் போடு! எல்லா பல்பையும் மாட்டு!"

வெளிச்சம் வந்தது. லிஃப்ட் உயிர்பெற்று மேலே போய், வெயிலில் வதங்கிய நோயாளிகளை அள்ளிக்கொண்டு இறங்கியது. கன்னத்தைப் பிடித்தபடி அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"ஜெர்மன் லிஃப்ட் மேடம், குலுங்கவே குலுங்காது! இந்தக் கூட்டமா? தினமும் இப்படித்தான். எங்க டாக்டருக்கு அவ்வளவு கிராக்கி. ஏறுங்க, அஞ்சாவது மாடி ஹாலைப் பார்க்காம போகக் கூடாது!"

வக்கீல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இன்ஜினீயர் பென்சிலைத் திருப்பி, எழுதியதை ரப்பரால் அழித்தார்.

குழு மதிப்பைக் குறைக்கவில்லை. மூலைக்கடை ஷலபிக்குப் போயிற்று. பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், அன்று சொன்னது மனதாரச் சொன்னதுதானா என்று ஹாஜி அவரிடம் கேட்டார்.