கார்டு நிறையும் வரை

மிதியடியில் ஷூவை இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் அவன் ஸ்டுடியோவுக்குள் வந்தான். அவ்வளவு மரியாதைக்காரன். பின்னால் அவன் மனைவி. நேற்று மத்தியானம் தனியாக வந்து போனவள், இன்று என்னைத் தெரியாதவள் மாதிரி சுவரில் தொங்கும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றியிருந்தாள்.

அவனை எனக்கு நன்றாகத் தெரியும். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவன். எங்கள் வாசலில் இருப்பதும் அவன் மாட்டியதுதான். அதோடு என் வீட்டுக்காரருக்கும் அவனுக்கும் அப்படியொரு சிநேகம், நகமும் சதையும் என்பார்களே, அது. அதனால்தான் நேற்று அவள், படத்தைக் கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சினாள். கடையில் படம் எடுப்பது நான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிரிண்ட் போடுவது என் வீட்டுக்காரர். புகார் கொடுக்கத் தைரியம் வரும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் கேமராவுக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள். அப்புறம் கழுத்துத் துணியை விலக்கினாள். இரண்டு பக்கமும் விரல்கள் அப்படியே கருநீலமாகப் பதிந்திருந்தன. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், பாஸ்போர்ட் படத்துக்குச் சொல்வதையே சொன்னேன்.

"தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. மூச்சை அடக்கி அப்படியே இரு."

ஏழு படம் எடுத்து, கை தவறிக்கூட அழியாதபடி ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டேன். பூட்டிய படத்தின் மூலையில் சின்னதாக ஒரு சாவி தெரியும். பழைய கேமரா, உள்ளே கொஞ்சமே கொள்ளும் பழைய மெமரி கார்டு, யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அதிலேயே விட்டு வைத்தேன்.

நேற்று இவள் இங்கே வந்துவிட்டுப் போனதைப் பார்த்தேன் மேடம் என்று அவன் கட்டைவிரலால் வாசல் கேமராவைக் காட்டினான். அது அவன் போனிலும் ஓடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீதிக் கதையை வீட்டில் அவளிடமிருந்து எப்படி வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சின்ன மனஸ்தாபம், அதைப் போய் இவள் ஊருக்குக் காட்டப் பார்க்கிறாள், அழித்துவிடுங்கள் என்றான். விலாசம் விசாரிக்கிறவனைப் போல அவ்வளவு தணிவான குரல்.

ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் சொல்லி நான் அழிக்க மாட்டேன் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் பக்கம் திரும்பி, நீயே சொல்லு என்றான்.

"அழிச்சிடுங்கக்கா" என்றாள், தரையைப் பார்த்து.

எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது. கேமராவை எடுத்து அவன் கண்ணெதிரே 'எல்லாவற்றையும் அழி' என்பதை அமுக்கினேன். பூட்டுப் போட்ட படங்களை அது தொடாது. அழிந்தது என்று வந்ததும் சட்டென்று அணைக்கப் போனேன். அவன் கையை நீட்டி ஒரு பட்டனைத் தட்டினான். ஏழு படமும் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் மூலையிலும் சாவியோடு. பிட் அடித்த பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த வாத்தியார் மாதிரி சிரித்தான். பார்மேட் பண்ணுங்க மேடம், அது பூட்டெல்லாம் பார்க்காது என்றான்.

பண்ணினேன். பண்ணும்போதும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. பார்மேட் பண்ணினால் படம் உடனே செத்துவிடாது. வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பிடுங்கிப் போடுவதோடு சரி, ஆள் உள்ளேயேதான் இருப்பார். அதன்மேல் புதிதாக எதையும் எடுக்காமல் வைத்திருந்தால் தோண்டி எடுத்துவிடலாம். கல்யாணப் படத்தைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களுக்கு நான் அப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன். இவர்கள் தெருமுனையைத் தாண்டட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"இப்போ எங்களை எடுங்க மேடம்" என்றான்.

எதற்கு என்றேன்.

"பழசு மேல புதுசு ஏறினாத்தான் பழசு போகும். எங்க தொழிலே அதானே. கார்டு நிறையற வரைக்கும் எடுங்க."

கார்டையே எடுத்துக்கொண்டு போங்கள், உடைத்துப் போடுங்கள் என்றேன். பிடுங்கிக்கொண்டு போக நான் என்ன ரவுடியா என்று கேட்டான். பாவி, அவனுக்கு வேண்டியது கார்டு இல்லை. அவள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் நீலத் திரைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் கை அவள் தோளில். சிரி என்றான். சிரித்தாள். நாலைந்து படம் எடுத்ததும், இப்படி எடுத்தால் பொழுது போய்விடும், வீடியோ போட்டுவிடுங்கள் என்றான். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி ஓடவிட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்க் கடைக்காரர் ஷட்டருக்கு எண்ணெய் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை அவன் போனில் எதையோ பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். ஏழு படமும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன, நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அரை மணி நேரம் போல ஆனதும் கேமரா தானாக நின்றது. கார்டு நிறைந்துவிட்டது என்றேன். அவன் எழுந்து வந்து திரையில் அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். நாளைக்கு யாராவது கேட்டா, ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமையா உக்காந்திருந்தோம்னு காட்டலாம்ல."

படி இறங்கும்போது அவள் ஒரு தடவை திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் இருந்த கேமராவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைச் சும்மா இருக்க விடவில்லை. கேமராவைக் கழற்றி, அதன் சின்னத் திரையிலேயே வீடியோவை ஓடவிட்டேன். முதலில் தோளில் கை, லென்ஸைப் பார்த்து இரண்டு பேரும் சிரிக்கும் சிரிப்பு. பிறகு அவன் கையை எடுத்துக்கொண்டு போனுக்குள் குனிந்தான். அவள் கண்ணை மட்டும் சாய்த்து அவனைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம், என் முதுகு இருந்த இடத்தைப் பார்த்தாள். கழுத்துத் துணியை ஒரு விரலால் மெதுவாகக் கீழே இழுத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பினாள். மூச்சை அடக்கி அப்படியே இருந்தாள். நேற்று நான் படம் எடுத்த தடமெல்லாம் அங்கே இருந்தது. காதுக்குக் கீழே, நேற்று இல்லாத ஒன்றும் இருந்தது. பக்கத்திலேயே அவன் முகம், தெள்ளத் தெளிவாக.

வாசலில் என் வீட்டுக்காரரின் வண்டி வந்து நின்றது. சாப்பிட்டுவிட்டு வருகிறார். நான் கேமராவை நெஞ்சோடு திருப்பி அணைத்துக்கொண்டேன். நிறுத்துகிற பட்டனை விரல் தேடியது, அவசரத்தில் அகப்படவில்லை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, என் நெஞ்சுக்குள்ளிருந்து அவன் சத்தமாகச் சிரித்தான்.