கழுத்தில் தைத்த ரவை

டாம்பிக்பீ ஆற்றங்கரையில் இருந்த அந்த வேட்டைக் கொட்டகையில் ஓர் உறுப்பினர் நாற்காலி காலியானது. அதில் உட்கார்ந்திருந்த கிழவர் பனிக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். போட்டி இரண்டு பேருக்குள். காட்டுக்குச் சொந்தக்காரரான ஹாய்ட்டின் மகள் டார்லா ஒருத்தி, அவர் தம்பி மகன் ரைலண்ட் ஒருவன். வான்கோழிச் சேவல் எந்தப் பக்கம் கூவுகிறது என்றுகூட ரைலண்டுக்குத் தெரியாது. ஆனால் ஆம்பளை. அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும், சொல்லுங்கள்?

டார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பதை நெருங்கியும் அந்த நாற்காலி ஆசை விடவில்லை. கொட்டகையில் அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டார்கள்.

"அதுக்கென்ன, தாராளமா வா" என்றார் ஹாய்ட். "இந்த சீசன்ல ஒரு சேவலை அடி. நாற்காலி உனக்கு. தவற விட்டா ரைலண்டுக்கு. நானே கூட வந்து சேவலைக் கூப்பிடறேன். போதுமா?"

மகளுக்கு இல்லை என்று சொன்ன அப்பன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். அவளே தோற்றுப் போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? இது அவர் கணக்கு. பாவம், டார்லாவுக்கு அது அப்போது தெரியவில்லை. மகிழ்ச்சியில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கொட்டகையில் இரண்டு சட்டம். பெட்டைக் குரலில் சேவலைக் கூப்பிடுகிறவர் 'சுடு' என்று சொல்லாமல் யாரும் விசையைத் தொடக் கூடாது. சேவலைத் தவற விட்டவனுடைய சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பேர் எழுதிச் சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். சுவர் முழுக்கக் கந்தல்தான்.

டார்லா வீட்டுக்குப் பின்னால் காகிதத்தில் சேவல் தலை வரைந்து, சுட்டுச் சுட்டுப் பார்த்தாள். ரவைத் துப்பாக்கியின் வாயில் திருகிப் போடுகிற சின்னக் குழாய்க்கு சோக் என்று பேர். அது இறுக்கமாக இருந்தால் ரவை சிதறாமல் தூரம் போகும், தளர்வாக இருந்தால் கிட்டத்திலேயே விரியும். அவள் தோட்டாவில் ஒன்பதாம் நம்பர் டங்ஸ்டன் ரவை. கடுகு அளவுதான், ஆனால் ஈயத்தைவிடக் கனம், எலும்பைத் துளைக்கும். இருப்பதிலேயே இறுக்கமான சோக்கைப் போட்டு நாற்பது கஜத்தில் சுட்டபோது காகிதத் தலை சல்லடையாகிவிட்டது. ஏழு காலடியில் சுட்டாள். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரே ஓட்டை. கை இம்மி அசைந்தாலும் தலைக்குப் பக்கத்தில் காற்றைத்தான் சுட வேண்டும்.

"அப்பா, கிட்டத்துல வந்துட்டா இது ஆகாது. கொஞ்சம் தளர்வானதைப் போட்டுக்கட்டுமா?"

"அடப் போடி! தளர்வானது கொசு அடிக்கத்தான் லாயக்கு" என்று சிரித்தார். அவருடைய தோட்டா ஐந்தாம் நம்பர் ஈயம்; நம்பர் குறையக் குறைய ரவை பெரிசு. தன் அப்பா காலத்திலிருந்து அதுதான், மாற்ற மாட்டார். "நான் முப்பது கஜத்துல நிறுத்தறேன். கூப்பிடறதை நிறுத்தினா சேவலும் நின்னுடும். நீ இறுக்கமானதையே போடு."

சரி என்று போட்டுக்கொண்டாள். அப்பா சொன்னால் வேறு பேச்சு உண்டா?

விடிந்தும் விடியாததுமாக ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவர் மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் எழுப்ப, ஆற்றுப் பக்கமிருந்து சேவல் தொண்டை கிழியக் கூவியது. கொஞ்ச நேரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே வாலை விரித்துக்கொண்டு, தலை சிவக்க, புதுமாப்பிள்ளை மாதிரி வந்தது.

நாற்பது கஜம். முப்பது. டார்லா சேவலின் கழுத்தைக் குறி பார்த்தாள். 'சுடு' வரவில்லை. சரி, இப்போது பெட்டி நிற்கும் என்று காத்தாள்.

பெட்டி நிற்கவில்லை. மெல்ல, கொஞ்சலாக, வா வா என்று முனகிக்கொண்டே இருந்தது. சேவல் இருபதுக்கு வந்தது. பதினைந்துக்கு வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்பாவுக்கு நிறுத்தத் தெரியாதா? இந்த ஆற்றங்கரையில் அவரைவிடப் பெட்டி தேய்க்கத் தெரிந்தவன் கிடையாது. அந்த எலுமிச்சம்பழ ஓட்டைக்குள் சேவலைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் கூப்பிடுகிறார். அவர் சொல்லாமல் சுட்டால் சட்டம் மீறியவள். சொன்ன பிறகு சுட்டால் தவற விட்டவள். அடப்பாவி அப்பா! அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

சேவல் ஏழு காலடியில் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது.

"இப்போ. சுடுடி" என்றார் காதோரம்.

அவள் சுடவில்லை.

"சுட்டுத் தொலை!"

அந்தச் சத்தத்தில் சேவல் மிரண்டு ஓட்டம் பிடித்தது. ஓடட்டும் என்று விட்டாள். சொல் வந்தாகிவிட்டது, இனி எப்போது சுட்டாலும் சட்டப்படிதான். மிரண்ட சேவல் ஓடிய ஓட்டத்தில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்தைந்து கஜத்தில் நின்று கழுத்தை நீட்டியது. விசையை அழுத்தினாள். சேவல் அப்படியே சரிந்தது.

ஹாய்ட் எழுந்துபோய்ச் சேவலைத் தோளில் போட்டுக்கொண்டு, "என் பொண்ணுன்னா சும்மாவா!" என்றார். அவளுக்குக் கோபமெல்லாம் பாதியாக வடிந்துவிட்டது. போகிற வழியில் ஒரு காக்காயைப் பார்த்துத் தன் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார்.

"அந்தக் காக்கா உன்னை என்னப்பா பண்ணுச்சு?"

"சும்மாடி. ஒரு சந்தோஷம்."

அவளும் சிரித்தாள்.

கொட்டகை வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். சமையலைப் பார்த்துக்கொள்ளும் லமார் கிழவர் கையில் பிஸ்கட் மாவோடு வந்தார். "ரெண்டு வெடி கேட்டுச்சே?"

"முதல் வெடி இவளோடது" என்றார் ஹாய்ட். "ஏழு காலடியில கொண்டுவந்து நிறுத்தினேன், தவற விட்டுட்டா. ஓடப் போனதை நான் அடிச்சேன்."

டார்லாவுக்குக் காது அடைத்துப்போனது. "பொய்! அப்பா, என்னப்பா பேசற நீ? லமார் மாமா, அது நான் அடிச்சது. இவரு காக்காயைச் சுட்டாரு!"

"காக்காயா?" என்று ரைலண்ட் சிரித்தான். "எங்கே இறகைக் காட்டு பார்ப்போம்." எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா. சேவல் கழுத்தை அறுத்துப் பாருங்க. அவரோடது அஞ்சாம் நம்பர் ஈயம். என்னோடது ஒன்பதாம் நம்பர் டங்ஸ்டன். குருடனுக்கும் தெரியும்."

சிரிப்பு நின்றது. ஹாய்ட் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "அறுங்க லமார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லமார் கழுத்துத் தோலைக் கீறிக் கத்தி முனையால் நோண்டினார். தட்டில் ரவை ஒவ்வொன்றாக விழுந்தது. கடுகு. கடுகுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. அத்தனை தலையும் தட்டின் மேல் கவிழ்ந்து பார்த்தது. டார்லாவுக்கு மூச்சு திரும்பி வந்தது.

லமார் ஒரு ரவையை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்தார். ஈயமானால் பல் பதியும். அது அவர் எப்போதும் செய்கிற வேலை. கடித்தார். முகம் சுளித்தது, கண்ணோரம் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹாய்ட்டைப் பார்த்தார். ஹாய்ட் அவரைப் பார்த்தார். கொட்டகை நிற்கிற மண் ஹாய்ட்டுடையது.

"ஈயம்தான்" என்றார் லமார்.

"ஈயம்" என்றான் ரைலண்ட், தட்டைப் பார்க்காமலே. பிறகு அடுத்தவர் சொன்னார். அதற்கடுத்தவரும் சொன்னார். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை டார்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் பிள்ளைகளைத்தான் அவள் தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறாள்.

"பல்லு ரொம்ப வலிக்குதா மாமா?" என்று கேட்டாள்.

லமார் குனிந்து தட்டிலிருந்த ரவையை எல்லாம் குப்பைத் தொட்டியில் கொட்டினார்.

ஹாய்ட் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். "திரும்பி நில்லுடி. சட்டம்னா சட்டம்."

ஓடிப்போயிருக்கலாம். கத்தரிக்கோலைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அவர்கள் அத்தனை பேர் மீதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஓடிப்போனவளை அடுத்த சீசனுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். டார்லா திரும்பி நின்றாள். வெட்டுவதற்கு வசதியாகச் சட்டையின் பின்பக்கத்தைத் தானே இழுத்து வெளியே விட்டுக்கொடுத்தாள்.