ஒற்றை முகடு

மறுபடியும் ஒரே ஒரு முகடு. திரையைப் பார்த்த நுஸ்ரத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கலவையைப் பிரித்துக் காட்டும் கருவிக்குள் அவள் செலுத்தியது இரண்டு பொருள்கள். எடை ஒன்றுதான், உருவம் வேறு. ஒன்று நேராக நீண்டது, மற்றது வளைந்தது. ஆவியாகிக் குழாயைக் கடந்து தனித்தனியே வந்தால் திரையில் ஓடும் கோட்டில் இரண்டு முகடுகள் எழ வேண்டும்.

அந்த மெல்லிய குழாயின் உள்சுவரில் அவள் பூசியிருந்தது, ஒரு வருஷம் மாங்குமாங்கென்று உழைத்துச் செய்த சிலிகோன் பாலிமர். இளகினாலும் மூலக்கூறுகள் வரிசை கலையாமல் நிற்கும் திரவப் படிகம் அது. நீண்டது அந்த வரிசைக்குள் புகுந்து தங்கும், வளைந்தது முந்திக்கொண்டு வெளியேறும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

காரைக்காலின் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். முகடு பிரியவில்லையா, சூட்டை ஏற்று. நேரமாகிறதா, இன்னும் ஏற்று. நுஸ்ரத்தும் வாரம் முழுக்க ஏற்றிக்கொண்டேதான் இருந்தாள்.

"போதும்மா," என்றார் ஆராய்ச்சி வழிகாட்டி நீலகண்டன். "சாயங்காலம் குழாயக் கழட்டிடு. மிஷினுக்கு ஆள் காத்திருக்காங்க. நீ தலைப்ப மாத்திக்க."

மாற்ற வேண்டுமாமே! ஒரு வருஷ உழைப்பைக் குப்பையில் கொட்டவா? நுண்ணோக்கியின் முன் போய் உட்கார்ந்தாள். பாலிமரைக் கண்ணாடித் தகட்டில் துளி வைத்துச் சூடேற்றினாள். பளபளவென்று வண்ணங்கள். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் அத்தனையும் அணைந்து இருட்டாகிவிட்டது. வரிசை கலைந்துவிட்டது என்று அர்த்தம். முன்பே பார்த்ததுதான், ஆய்வக வழக்கம் அதை மறக்கடித்துவிட்டது. கருவியை இதைவிட அதிகச் சூட்டில் அல்லவா ஓட்டியிருக்கிறாள்! வரிசையைக் கலைத்துவிட்டுப் பாலிமரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

"சார், சூட்டக் குறைக்கணும்."

"குறைச்சா ரெண்டும் வெளிய வர்றதுக்குள்ள பொழுது போயிடும். பஸ்ஸ விட்டுடுவ."

"போனாப் போவுது சார். எங்க ஊரு பட்டினத்துக்கு அடுத்த பஸ்ஸா இல்ல?"

"என்னமோ பண்ணு," என்று அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

சூட்டைக் குறைத்து மறுபடி செலுத்தினாள். திரையில் கோடு அசையாமல் படுத்தே கிடந்தது. நுஸ்ரத்தும் அசையவில்லை. ஒருவழியாக ஒரு முகடு எழுந்தது, முழுவதும் இறங்கியது. கோடு மீண்டும் படுத்தது. பிறகு இரண்டாவது முகடு எழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

வகுப்பு முடிந்து வந்த நீலகண்டன் திரை முன் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"குழாயக் கழட்டிடவா சார்?" என்றாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"கைய ஒடிச்சிடுவேன்," என்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவ ஓட்டு, பாப்போம்."