குதிகால் பள்ளம்

பெரியம்மாவின் பட்டறையில் ஒரு விதி உண்டு. பழைய காருக்குப் புதிதாக எதைச் செய்து போட்டாலும், வெளியே தெரியாத பக்கத்தில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடித்துவிட வேண்டும். கடுகளவு புள்ளிதான். நாளைக்கு யாராவது அந்த வண்டியைக் குடைந்து பார்த்து, இது கம்பெனி போட்டதா, பின்னால் வந்ததா என்று கேட்டால் தகடே பதில் சொல்லிவிடும்.

பெரியப்பா இதைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். "திருடன்கூடக் கைரேகை படாம இருக்க உறை மாட்டிக்கிறான். உங்க பெரியம்மா வேணும்னே ரேகையை வச்சிட்டு வர்றா" என்று என்னிடம் சொல்வார். இன்ஜின் வேலை அவருடையது. தகட்டு வேலை பெரியம்மாவுடையது. சீட் தைப்பது என் வேலை. தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால், பட்டறையில் நடப்பதெல்லாம் தலையைத் தூக்காமலே எனக்குத் தெரியும்.

டிரைவிங் ஸ்கூல் அக்காவின் கார் இழுவை வண்டியிலிருந்து இறங்கியபோது, இதில் புள்ளி வாங்காமல் தப்பப்போவது எது என்று பெரியப்பாவே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அக்காவின் அப்பா கடைசிவரை வைத்திருந்த ஒரே கார் அது. ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதில் கற்றவர்கள். பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுவார்; அதனால் அவருக்குப் பெயரே பிரேக் வாத்தியார். அவர் போன பிறகு கார் மழையிலும் வெயிலிலும் நின்றது. இப்போது கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. உள்ளே காலை வைத்தால் கீழே மண் தெரிந்தது.

அக்காவுக்குக் கார் மட்டும் வேண்டியிருக்கவில்லை. மூடிய ஸ்கூலைத் திறக்க வேண்டும். அதற்குத் தம்பி வேண்டும். அக்கா ஓட்டினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அவருக்கு வராது. ஒருமுறை முயன்று பார்த்ததில், கற்க வந்த பெண்மணி பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாராம். தம்பி அப்படியில்லை. அப்பாவிடமே தொழில் பழகியவர், கோபம் வராதவர். அப்பா இறந்ததும் ஒரு டயர் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்கா எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். புதுக் கார் வாங்கலாம் என்றும் சொன்னார். "அப்பா கார்லதான் உக்காருவேன். அது ஓடட்டும், அன்னிக்கு வர்றேன்" என்பதே தம்பியின் பதில். அது ஓடாது என்ற தைரியத்தில் சொன்னது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. அதைப் பிடித்துக்கொண்டுதான் காரைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்திருந்தார்.

வேலை வளர்ந்தது. ஒரு கதவைச் சரிசெய்யலாம் என்று சுரண்டினால் பாதிக் கதவு பொடியாக உதிர்ந்தது. பெரியம்மா கதவுகளைப் புதிதாகச் செய்தாள், மட்கார்டுகளைச் செய்தாள், ஒவ்வொன்றின் உட்பக்கமும் புள்ளி வைத்தாள். கழற்றிய பழைய தகடுகளை எடுத்துப்போகத் தம்பி ஸ்கூட்டரில் வருவார். யாரிடமும் பேசமாட்டார். சாக்கில் கட்டி, பின்னால் வைத்து, சிசுவைக் கொண்டுபோவது போல மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் மட்டும் அக்காவிடம், "அப்பா கார் கொஞ்சம் கொஞ்சமா என் வீட்டுக்கு வந்துட்டு இருக்கு. இங்க நீ கட்டுறது வேற ஏதோ" என்றார்.

அவர் மனைவி அக்காவுக்குப் போன் செய்து அழாத குறையாக முறையிட்டதை அக்கா சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். வீட்டுக்குள் நடக்க இடமில்லையாம். "நாங்க கார்லதான் குடியிருக்கோம் அண்ணி, உக்கார சீட்டுதான் இல்ல" என்றாளாம்.

சீட்டுகள் என்னிடம் இருந்தன. ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்ததால் அவற்றை வைத்துக்கொண்டு உறையை மட்டும் புதிதாகத் தைத்தேன். பழைய தையல் ஓட்டைகளின் இடைவெளியை அளந்து மெஷினை அதற்கேற்பத் திருகி வைத்தேன்.

கடைசியாகத் தரைத் தகடு. பெரியம்மா வேலை செய்கிற விதமே தனி. துருப்பிடித்த தகட்டை அப்படியே வெட்டியெடுத்து மேஜையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். எங்கே மேடு, எங்கே மடிப்பு, எங்கே தண்ணீர் வடிய வழி என்று கம்பெனிக்காரன் மனத்தில் நினைத்ததை விரல் படித்துவிடும். பிறகு அட்டையில் வரைவாள். அப்படித் தடவும்போது வாத்தியார் சீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் அகப்பட்டது. உள்ளங்கை பொருந்துகிற அளவு, ஆழமில்லாதது, விளிம்பு வழுவழுப்பானது. ஓட்டுகிறவர் பக்கத்தில் அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டிருந்தது. தண்ணீர் வடிந்து சேரக் கம்பெனி அழுத்திய குழி அது என்று பெரியம்மா முடிவு செய்தாள். ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருந்திருக்கும். மணல் மூட்டையின் மேல் புதுத் தகட்டை வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இரண்டு பக்கமும் இரண்டு பள்ளம் இறக்கினாள். ஒன்றின் நிழல் போலவே மற்றொன்று இருந்தது. பெரியப்பா விளக்கைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் வழுக்குவதைப் பார்த்துவிட்டு, இந்தக் கைக்கு யாராவது கண்ணேறு கழிக்க வேண்டும் என்றார். தகட்டின் அடியில் புள்ளியும் வைத்தாயிற்று.

வண்டி முடிந்த நாள் அக்கா தம்பியை எப்படியோ அழைத்து வந்துவிட்டார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றினார். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இதன் அசல் தன் வீட்டில் எங்கே இருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். கதவு மாடிப்படிக்குக் கீழே. மட்கார்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். டிக்கி மூடி கட்டிலுக்கு அடியில்.

"நல்லா இருக்கு. அப்பா மாதிரி வேஷம் போட்டு யாரோ வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"சும்மா ஒரு தடவை உக்காந்து பாருடா. உக்காந்தா ஒண்ணும் ஒட்டிக்காது" என்றார் அக்கா.

தம்பி வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். அப்புறம் அசையவில்லை. குனிந்து காலடி ரப்பர் மேட்டை ஒதுக்கிப் பார்த்தார். கையை நீட்டி ஓட்டுகிறவர் பக்கத்து மேட்டையும் ஒதுக்கினார்.

"இதை யார் அடிச்சது?"

"நான்தான். கம்பெனி அடிச்ச பள்ளம். அளவு கொஞ்சமும் மாறாது" என்றாள் பெரியம்மா. குரலில் பெருமை இருந்தது.

"கம்பெனி இல்லங்க. எங்க அப்பா குதிகால்."

தம்பியே விளக்கினார். கற்க வருகிறவர்கள் திருப்பத்தில் தடுமாறும்போதெல்லாம் அப்பா குதிகாலை ஊன்றிக்கொண்டு விரலால் பிரேக்கை மிதிப்பார். ஊரிலுள்ளவர்கள் கற்ற ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஊன்றல். தகடு மெதுவாக உள்வாங்கிவிட்டது.

"இந்தப் பக்கம் எப்படிங்க வரும்? இங்க ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க. காலு பதியறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டுப் போயிடுவாங்களே."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அக்கா மட்டும் தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் இன்னும் அந்தப் பள்ளத்திலேயே இருந்தது. அக்கா கீழே உட்கார்ந்து, தம்பியின் முழங்காலில் கை வைத்து, அப்பா கால் இருந்த இடம் அப்படியே இருக்கிறதே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பி காலை எடுக்காமலே, "காலு தானாப் போய் விழுந்துச்சுக்கா" என்றார். இனி வேலைக்கு வரவில்லை என்று டயர் கடைக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுவார் போலிருந்தது.

"இறங்குங்க. அதை நிமித்தணும்" என்றாள் பெரியம்மா.

அக்கா எழுந்து பெரியம்மாவை ஓரமாக இழுத்துப் போனார். என் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். அவன் இப்போதுதான் மனம் இளகுகிறான், பள்ளத்தில் கை வைத்தால் எழுந்து போய்விடுவான், ஸ்கூல் போய்விடும் என்று அக்கா மன்றாடினார். தெரியாமல் நடந்த தப்பு நல்லதற்குத்தான் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"தெரியாத வரைக்கும் தப்பு. இப்ப தெரிஞ்சுபோச்சே" என்றாள் பெரியம்மா.

"அடியில புள்ளிதான் வச்சிருக்கியே" என்றார் பெரியப்பா, சமாதானமாக.

"புள்ளி தகட்டுக்கு. தகடு புதுசுன்னு அது சொல்லும். ஒரு மனுஷன் காலமெல்லாம் பயந்து பயந்து மிதிச்சதை நான் ஒரு மத்தியானத்துல தட்டி எடுத்தேன்னு அது சொல்லுமா?"

தம்பி இதைக் கேட்டுவிட்டார். காரிலிருந்து இறங்கி நேராகப் பெரியம்மாவிடம் வந்தார். "அப்ப இது அப்பா கார் இல்லேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

"நான் எப்பங்க ஒத்துக்கிட்டேன்? இது உங்க அப்பா கார்தான்" என்றாள் பெரியம்மா. சந்தேகத்துக்கே இடமில்லாத குரல். "அவர் இருந்தப்ப டயர் மாத்தலையா? கிளட்ச் மாத்தலையா? கார் மாறிப்போச்சுன்னு அவர் இறங்கிப் போயிட்டாரா? ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே ஓட்டினார். நடுவுல கொஞ்ச நாள் மாத்த ஆளில்லாம நின்னுச்சு, நான் மொத்தமா மாத்தினேன். உங்க வீட்ல இருக்கிறது அவர் கழட்டிப் போட்ட சட்டை. பத்திரமா வச்சுக்குங்க, வேண்டாங்கல. ஆனா சட்டைகிட்ட யாரும் வண்டி ஓட்டக் கத்துக்க முடியாது."

தம்பி திரும்பிக் காரைப் பார்த்தார்.

"பள்ளம் வேணும்னா உக்காந்து தேயுங்க. அது மட்டும் என்னால செய்ய முடியாத வேலை."

சொல்லிவிட்டுப் பெரியம்மா காருக்கு அடியிலிருந்த வேலைக்குழியில் இறங்கிவிட்டாள். அடியிலிருந்து சுத்தியலால் தட்டினால் மேலிருந்து யாராவது தாங்கு இரும்பை அமுக்கிப் பிடிக்க வேண்டும். வழக்கமாகப் பெரியப்பா பிடிப்பார். அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த முதுகுக்கு அன்று காலைவரை ஒன்றுமில்லை.

"யாராவது பிடிங்க" என்று குழியிலிருந்து குரல் வந்தது.

தம்பிதான் போனார். கதவோரம் மண்டியிட்டு, முதலில் ஓட்டுகிறவர் பக்கத்தில் இரும்பைப் பிடித்தார். அந்தப் பொய்ப் பள்ளம் நாலு தட்டில் எழுந்துவிட்டது. அடுத்து அப்பாவின் பக்கம். இரும்பை வைப்பதற்கு முன்னால் உள்ளங்கையை அதில் ஒருமுறை பொருத்திப் பார்த்தார். பிறகு அழுத்திப் பிடித்து, "ம், தட்டுங்க" என்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு தட்டும் அவர் தோளில் விழுவது போல இருந்தது. தகடு நிமிர்ந்ததும் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா பெரியம்மாவிடம் கோபிக்கவில்லை. பேசவும் இல்லை. அது இன்னும் மோசம் என்று பெரியப்பா சொன்னார். "பெயின்ட் காயட்டும்" என்பதோடு பெரியம்மா நிறுத்திக்கொண்டாள்.

பெயின்ட் காய்ந்து வண்டியை எடுக்க அக்கா தனியாகத்தான் வந்தார். ஸ்டார்ட் செய்து, கேட்டை நோக்கி மெதுவாக நகர்ந்தார். கேட்டுக்கு வெளியே தம்பி நின்றிருந்தார், வீட்டுச் செருப்போடு. கையைக் காட்டி நிறுத்தினார். கதவைத் திறந்து வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். கார் தெருவில் இறங்கித் திரும்பும்போது பின் விளக்குகள் பளீரென்று சிவந்தன, வண்டி குலுங்கி நின்றது.

"நான் ஓட்டும்போது எதுக்குடா மிதிக்கிற?" என்ற அக்காவின் குரல் பட்டறைவரை கேட்டது. "தளும்பாம ஓட்டுறவடா நான்."

"திருப்பத்துல பார்க்கல நீ. சைக்கிள் வருது பாரு."

சைக்கிள் எதுவும் வரவில்லை என்று பெரியப்பா இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

மழைக்காலம் முடிந்து அந்தக் கார் ஆயில் மாற்ற வந்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை ஏறியிருந்தது. சீட் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கக் குனிந்தேன். வாத்தியார் பக்கம் ரப்பர் மேட் ஓரிடத்தில் மெலிந்து கிழியும் நிலைக்கு வந்திருந்தது. ஒதுக்கினேன். கீழே தகடு சமதளமாகத்தான் இருந்தது. ஆனால் குதிகால் படும் இடத்தில் பெயின்ட் போய், வெறும் இரும்பு நாணயம் போல மின்னியது.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

"பெயின்ட் தொட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அவர் வேலையை நீ ஏன் கெடுக்கிற?" என்று சொல்லி, மேட்டை இழுத்துச் சரியாக மூடினாள்.